உளமார

அந்தப் பேரூராட்சியில் ஒன்பதாவது வார்டு பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் நின்றவளுக்குச் சாதிச் சான்றிதழில் பெயர் முத்துப்பேச்சி, இந்து. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியில் வரமாட்டார்; அது வெளியே தெரிந்தால் பதவி போய்விடும். பதினேழு வாக்கில் ஜெயித்திருந்தாள்.

பதவியேற்பு அன்று காலையில் அம்மா அன்னபாக்கியம் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தாள். “கர்த்தர் பேரச் சொல்லித்தான் ஏறணும், என்னட்டி?” எஸ்தர் தலையாட்டினாள்.

மேடையில் செயல் அலுவலர், “கடவுள் அறியவா, உளமாரவாம்மா?” என்று கேட்டார். தோற்றவரின் ஆட்கள் முன்வரிசையில் செல்போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தாளில் ஒரு சாமியும் வீட்டில் ஒரு சாமியுமாக இருப்பவள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? “உளமார” என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்து வெளியே போனாள். கூட்டம் முடியும்முன்பே எஸ்தர் மாலையோடு பின்னால் ஓடினாள். வாசலில் அந்த ஆட்களில் ஒருவன் அம்மாவின் கழுத்திலிருந்த சிலுவையைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

“கவுன்சிலருக்கு நீங்க என்ன வேணும்?”

அம்மா மகளை ஒருமுறை பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லய்யா. பக்கத்து வீடு. நல்ல புள்ள, அதான் பாக்க வந்தேன்.”

அவன் செல்போனை எஸ்தர் பக்கம் திருப்பினான். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கைகளையும் கூப்பினாள்.

“போயிட்டு வாங்க, அத்தை” என்றாள்.