ஐந்து மணிவரை காட்ட வேண்டிய இடங்கள்

மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டேதான் ரபிகாம்மா ரயிலைவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றேன். எண்ணெய்க் கிணற்றில் வேலை முடியவில்லை, அங்கே போன் எடுக்காது, அதுவரை ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறான் என்றேன்.

அவர் மகன் அசில்ஹான் முந்தின நாள் மத்தியானமே செத்துப்போயிருந்தான். மேலே அடுக்கியிருந்த குழாய் சரிந்து விழுந்தது. அப்போது அவர் பாதி வழியில் இருந்தார்.

எங்கள் ஜனங்களில் சாவுச் செய்தியை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. சொந்தத்தில் பெரியவர்கள் வந்து, சுற்றி உட்கார்ந்து, எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய், தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும்போதுதான் காதில் போடுவார்கள். அவருடைய கொழுந்தனாரும் இரண்டு கிழவர்களும் விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஊர் வந்து சேர ஐந்து மணி ஆகும்.

அசில்ஹானோடு வேலை பார்த்த நியாஸ் என் மனைவியின் தம்பி. "விருந்தாளிங்களுக்கு ஊரக் காட்டுறதுதான மச்சான் உன் பொழப்பு. இவங்களுக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

பொழைப்புதான். பன்னிரண்டு வருஷமாக அக்தாவ் நகரத்தின் கடலையும் கல்லையும் காட்டித்தான் பிழைக்கிறேன். ஆனால் அசில்ஹானை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் அவர் பையை வாங்கப் போனேன். தரவில்லை. உள்ளே குதிரைக்கறித் தொத்திறைச்சி இருக்கிறதாம். இரண்டு நாளாக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மகன் கையால்தான் அறுக்க வேண்டும் என்றார்.

மணி பத்து. எங்கள் ஊரில் பார்க்க நாலே இடம். எவ்வளவு இழுத்தாலும் ஐந்து மணிவரை தாங்காது.

முதலில் கலங்கரை விளக்கம். பதினோரு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் இருக்கிறது. மேல்மாடிக்காரர்களுக்குக் கரண்ட் பில் மிச்சம் என்ற என் வழக்கமான ஜோக்கையும் சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

கண்ணுக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்த்தவர், தன் மகன் இதைப் பார்த்திருக்கிறானா என்று கேட்டார்.

பார்த்திருக்கிறான் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் நாக்கு நிற்கவில்லை. இதே இடத்தில்தான் நின்றான், அண்ணாந்ததில் தொப்பிகூடக் கீழே விழுந்தது, அம்மாவை ஒரு நாள் கூட்டிவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான் என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

அடுத்தது ஏரி. அன்னங்கள் முக்கால்வாசி கிளம்பிப் போயிருந்தன. இருந்த ஏழெட்டை எண்ணிக் காட்டினேன். அசில்ஹான் தன் ரொட்டியில் பாதியை இதுகளுக்குப் போட்டுவிடுவான் என்றேன்.

ரபிகாம்மா கரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். தொத்திறைச்சியை எடுத்து, தானே கத்தியால் அறுத்து, முதல் துண்டை என் கையில் வைத்தார். என் முகத்தில் பசி தெரிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டையும் தின்றேன்.

மூன்றாவது, கடலோரப் பாறைப் பாதை. கடல் வருஷா வருஷம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கக் கட்டிய படிகள் இப்போது காய்ந்த கல்லில் போய் முடிகின்றன. வெளியூர்க்காரர்களிடம் இது வெறும் வற்றம், சாயங்காலம் தண்ணீர் ஏறிவிடும் என்று அளப்பேன். அன்றைக்கு அதையும் அளந்தேன்.

படியில் உட்கார்ந்தோம். லீவு கிடைத்தால் அசில்ஹான் இங்கேதான் வந்து உட்காருவான், உங்களைப் பற்றியேதான் பேசுவான் என்றேன். நான் உண்டாக்கிய அசில்ஹானை அதற்குள் எனக்கே பிடித்துப்போயிருந்தது. கண் கலங்கிவிடுமோ என்று பயந்தேன்.

அவர் கடலைப் பார்த்தபடியே பேசினார்.

"போன வாரம்கூட போன்ல சொன்னான் தம்பி. ரெண்டு வருஷம் ஆச்சும்மா, ஸ்டேஷன்ல எறங்குனதும் பஸ்ல ஏத்தி நேரா கெணத்துக்குக் கொண்டுபோயிடுறாங்க, கடல இன்னும் கண்ணால பாக்கலன்னான். நீ வா, ரெண்டு பேரும் மொதமொதல்ல சேர்ந்தே பாக்கலாம்னான்."

நான் குனிந்து படியில் கிடந்த ஒரு சிப்பியைப் பொறுக்கினேன். அவர்தான் மேலே பேசினார்.

"அந்த வெளக்குகிட்டயே புரிஞ்சிடுச்சு. உசுரோட இருக்குறவனப் பத்தி யாரும் இவ்ளோ நல்லதா சொல்ல மாட்டாங்க."

தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கையை நீட்டினேன். அவர் அதை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார். பெரியவர்கள் மெனக்கெட்டு வருகிறார்கள், அவர்கள் வந்து சொல்லட்டும், அதுவரை தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

என் வாயைப் பிடுங்கி அந்தக் காய்ந்த கல்லில் எறிய வேண்டும் போலிருந்தது. அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

மணி என்ன என்று கேட்டார். மூன்று என்றேன். இன்னும் என்ன இடம் பாக்கி என்றார். கம்பத்தின் மேலே பழைய போர் விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அது மட்டும்தான் என்றேன்.

எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"வா, போலாம். அங்க அவன் என்ன பண்ணான்னு சொல்லு."