முன்பக்கம்

"கடைட முன்பக்கத்துல கை வைக்கமாட்டம் அக்கா" என்று சொல்லித்தான் உதயரூபன் என்னிடம் கையெழுத்து வாங்கினான். அவன் என் சித்தப்பாவின் மகன். மட்டக்களப்பின் பழைய கடைத்தெருவைப் பாதுகாத்துக்கொண்டே நகரத்தை வளர்க்கும் திட்டத்துக்கு அவன்தான் பொறுப்பு.

சொன்னபடி முன்பக்கத்தில் கை வைக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்த எங்கள் கடையை முழுவதுமாக இடித்துவிட்டார்கள். ஒற்றைச் சுவரும் அதிலிருந்த, ஒவ்வொன்றாகப் பொருத்தும் பலகைக் கதவும் மிஞ்சின. பின்னால் வாவிக்கரை வரைக்கும் வாகனம் நிறுத்த வெறுந்தரை.

அந்தப் பலகைகளை உள்ளே நின்றுதான் கழற்றலாம், உள்ளே நின்றுதான் பூட்டலாம். பூட்டிவிட்டு நாங்கள் பின்வாசலால் வீட்டுக்குப் போவோம். இடித்த மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்குப் பலகைகள் கழன்றிருந்தன. திறந்த வாசலுக்குள்ளால் வாவி தெரிந்தது. மாலையில் பூட்டியிருந்தன. தினமும் அப்படித்தான்.

"காவல்காரன்ட வேலையா இருக்கும்" என்றான் உதயரூபன். அங்கே காவல்காரன் யாரும் இல்லை.

திட்டத்தின் திறப்புவிழா மாலையில் படம் எடுப்பதற்காக அவன் கதவைத் தாண்டி உள்ளே போய் நின்று சிரித்தான். பலகைகள் ஒவ்வொன்றாக உள்ளிருந்து பொருந்தின. நாங்கள் சுவரைச் சுற்றிப் பின்னால் ஓடினோம். வெறுந்தரையில் ஒருவரும் இல்லை. திரும்பி முன்னால் வந்தோம். கதவை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இத உடைக்கச் சொல்லுங்க!"

வேலையாட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"முன்பக்கத்துல கை வைக்கமாட்டம் மனே" என்றேன்.