பெட்டி வரவில்லை

மின்னஞ்சலில் வந்த எந்தக் கோப்பைத் திறக்கப் போனாலும் முதலில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, இது ஆபத்தானதாக இருக்கலாம், திறக்கலாமா என்று கேட்கும். கேட்கும்போதெல்லாம் லூர்துமேரி, கணினிப் பிரிவிலிருந்த திரவியத்துக்குப் போன் போடுவாள். "தம்பி, பெட்டி வந்திருக்கு. ஆமான்னு அமுக்கவா, இல்லன்னு அமுக்கவா?" ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பாள். ஒரு மதியம் சாப்பாட்டுக்கு நடுவே நாலாவது போன் வந்தபோது, திரவியம் சோற்றுக் கையோடு எழுந்துபோய், இடது கையாலேயே அவளுடைய கணினிக்கு மட்டும் எல்லா வகைக் கோப்புகளையும் ஆபத்தற்றவை என்ற பட்டியலில் சேர்த்துவிட்டான். அதன்பிறகு அவளுக்குப் பெட்டி வரவில்லை. அவனுக்குப் போனும் வரவில்லை.

மூன்றாம் மாதம் அவள் திறந்த ஒரு கோப்பு அலுவலகத்தையே இரண்டு நாள் முடக்கிப் போட்டது. விசாரணையில் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "பெட்டி வரல சார். வந்திருந்தா தம்பிகிட்ட கேட்டிருப்பேன்." மேலாளர் திரவியத்தைப் பார்த்தார். அன்று காலையிலேயே அவன் அவளுடைய கணினியில் அந்தப் பட்டியலைப் பழையபடி மாற்றி வைத்திருந்தான்.

"எல்லாருக்கும் வருது சார்" என்றான்.

சஸ்பெண்ட் உத்தரவை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போகிற வழியில் அவள் அவன் மேசையருகே நின்றாள். "வந்திருக்கும் போல தம்பி. நான்தான் பாக்காம அமுக்கிட்டேன். உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன், மன்னிச்சிரு."

"பரவாயில்லக்கா" என்றான் திரவியம்.