தள்ளுமுள்ளுக்கு நாலு மார்க்

"இந்த வீட்டுல யாரு திருட்டு ஆட்டம் ஆடுறது?"

விமர்சகர் ஹாலில் வந்து நின்ற நிற்பைப் பார்த்து, கன்ட்ரோலருக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த மகள் கையை அப்படியே நிறுத்தினாள்.

வாரப் பத்திரிகை ஒன்றில் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர் அவர். புதிதாக வந்திருக்கும் 'தள்ளுமுள்ளு' பற்றி அன்று சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும். நாலு பேர் ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஆடுகிற படகில் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, மேலேயிருந்து விழும் தர்பூசணியைப் பிடிக்கிற விளையாட்டு. வீட்டில் ஆளும் சரியாக நாலு. அவர், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், கூடவே தங்கியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் மச்சினன்.

"என்னப்பா ஆச்சு?"

"செட்டிங்ஸைத் திறந்து பாத்தேன். கைத்தாங்கல்னு ஒண்ணு வெச்சிருக்கான். அதைப் போட்டுக்கிட்டா படகு நமக்கு மட்டும் மெதுவா ஆடும், பழம் நம்ம கையைத் தேடி வந்து விழும். ஆட்டம் தெரியாதவனுக்கு ஊட்டி விடுற ஏற்பாடு. அது நம்ம வீட்டு டி.வி.யில ஆன்ல இருக்கு."

"யாருக்குன்னு பாத்தீங்களா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் அவசரமாக வந்தது.

"அதை வேற பாக்கணுமாக்கும். தினமும் கடைசியா வர்றது யாரு?"

ஜன்னலோரம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மச்சினன் தலையைச் சொறிந்தான். அக்கா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"நான்தான் மாமா போட்டேன்."

"போட்டும் தோக்கிற பாரு, அதுதான் எனக்கு வயிறு எரியுது."

மகளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் நாள் அவரும்தான் எல்லா ஆட்டத்திலும் கடைசியாக வந்தார். கன்ட்ரோலரை சோபாவில் வீசிவிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு, இனிமே இந்தப் பக்கத்தை யாராவது சின்னப் பசங்க எழுதட்டும்" என்று சாப்பிடாமல்கூடப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் மூன்று பேரும் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், ஆட்டத்தின் நெளிவு சுளிவு பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து அவரை அசைக்க வீட்டில் ஆளில்லை. அப்படி ஒருவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட இடத்தில் இன்னொருவர் குறுக்கு வழியில் நுழைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"என்ன எழுதியிருக்கேன்னு எல்லாரும் கேட்டுக்குங்க," என்று லேப்டாப்பை மடியில் வைத்துப் படித்தார்.

"'படங்கள் அழகு. பாட்டு காதைக் கிழிக்கவில்லை. ஜெயிப்பவர் தலையில் ஒரு மஞ்சள் குருவி வந்து உட்காருவதும், மறுநாள் ஆட்டம் தொடங்கும்போதுகூட இறங்காமல் இருப்பதும் நல்ல கற்பனை. என் தலையில் அது கூடு கட்டாததுதான் பாக்கி. ஆனால் கைத்தாங்கல் என்ற பெயரில் ஒன்றும் தெரியாதவனைத் தூக்கி நிறுத்துவது, திறமையால் ஜெயிக்கிறவன் முகத்தில் அறைவதற்குச் சமம். இது விளையாட்டு இல்லை, பிச்சை. போடுகிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்குகிறவனுக்கும் வெட்கமில்லை. பத்துக்கு நாலு மார்க்.'"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அந்தப் பிச்சைங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடுங்களேன்."

"ஏன், தம்பியைச் சொன்னதும் சுருக்குனு இருக்கா?"

"இருக்குதான். கை நடுங்குறவங்க இருப்பாங்க, பழக்கமில்லாதவங்க இருப்பாங்க. தோத்துத் தோத்து ஒருத்தர் எழுந்து போயிட்டா, அப்புறம் மிச்சப் பேருக்கு என்ன சந்தோஷம்? எல்லாரும் ஒண்ணா உக்காந்து சிரிக்கட்டும்னுதானே வெச்சிருக்கான்."

"சிரிக்கட்டும். யாரு வேணாம்னா? அடுத்தவன் தயவுல ஆடிட்டு, நானும் ஆடினேன்னு நெஞ்சை நிமித்தக் கூடாது. நானா இருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பேன்."

மகள் டி.வி. பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் குருவி வரியையாவது எடுத்துடுங்கப்பா," என்றாள் மகள்.

"ஏன், உங்கப்பன் ஜெயிச்சது ஊருக்குத் தெரியக் கூடாதா? வரி மட்டுமில்ல, குருவியோட இருக்கிற போட்டோவும் போகுது."

சொன்ன கையோடு பட்டனைத் தட்டினார். "அனுப்பியாச்சு."

மனைவி சோபாவின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

விமர்சகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டி.வி. முன்னால் சம்மணம் போட்டார். திரையில் நாலு பொம்மைகளும் படகின் மேல் வரிசையாகத் தயாராக நின்றன. "இப்ப அந்தக் கைத்தாங்கலை எடு. ஒரே ஒரு ஆட்டம், நேர்மையா ஆடிப் பாத்துடலாம்."

"இன்னைக்கு வேணாம் மாமா. காலையிலேருந்து மூணு கட்டடம் ஏறி இறங்கினது, உடம்பெல்லாம் வலி."

"தோத்துடுவோம்னு பயமா?"

"ஆமா மாமா, பயமாத்தான் இருக்கு. விட்டுடுங்களேன்."

"எடுடா."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் செட்டிங்ஸுக்குப் போய்ப் பட்டனை அழுத்தினான்.

'கைத்தாங்கல் நிறுத்தப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தது.

மச்சினனின் பச்சைப் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. விமர்சகரின் சிவப்புப் பொம்மை தலையிலிருந்த மஞ்சள் குருவி, இறக்கையை ஒரு தரம் உதறிவிட்டு எழுந்து பறந்து போனது.