நாற்பத்தொன்றாவது கேள்வி

“முப்பத்தாறு கிராம் தண்ணி. எத்தனை மோல்?”

“ரெண்டு,” என்றாள் அம்மா. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ரெண்டு மோல். அடுத்தது,” என்றாள் மகள்.

பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு மகள் கண்டுபிடித்த வழி இது. வேதியியல் கேள்வியை வாய்விட்டுப் படிப்பது, பத்து எண்ணும் நேரம் விடுவது, பிறகு விடையைச் சொல்வது. அந்தப் பத்துக்குள் அம்மா முந்திக்கொள்வாள்.

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் அம்மா. தையல் மெஷினே கதியென்று கிடந்தவளுக்கு மோலாவது, மூலக்கூறாவது! ஆரம்பத்தில் நாற்பதுக்கு மூன்றுகூடத் தேறவில்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

“பிஹெச் ஏழுன்னா என்ன அர்த்தம்?”

“நடுநிலை. உங்கப்பா மாதிரி, எந்தப் பக்கமும் சேராத ஆளு.”

“நடுநிலை. அடுத்தது. அம்பது கிராம் கால்சியம் கார்பனேட், எத்தனை மோல்?”

“அரை. ஏன்டி, எல்லாத்தையும் சரியாச் சொல்றேனே, ஒரு சபாஷ் போட்டா உன் வாய் சுளுக்கிக்குமா?”

“அரை மோல். அடுத்தது.”

“அழுத்தக்காரி!” அம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பத்தொன்பதாவது கேள்வியில் மகள் கொட்டாவி விட்டாள். அந்தக் கேள்வி வந்தாலே அவளுக்குக் கொட்டாவிதான்.

ஊசியில் நூல் தீர்ந்தது. அம்மா மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே கறுப்பு நூல்கண்டுகள், தனியாக ஒரு கடையே வைக்கலாம். வெள்ளையோ நீலமோ தீர்ந்தால் அவள் கவலைப்படுவதில்லை. கறுப்பு மட்டும் ஒன்று தீர்வதற்குள் நான்கு வாங்கிப் போட்டுவிடுவாள்.

“நாற்பது. ஒரே வெப்பநிலையில வாயுவோட அழுத்தம் ரெண்டு மடங்கானா, கன அளவு என்ன ஆகும்?”

“பாதி!” அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். நாற்பதும் சரி. “நாற்பத்தொண்ணையும் கேட்டுடு கண்ணு. கேளுடி!”

பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்த அப்பா, ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்து, மெஷின் மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபோனைத் தொட்டு நிறுத்தினார்.

“போதும். பாப்பா பதிஞ்சு வச்சதே நாற்பதுதான்.”

“இன்னிக்கு ஒண்ணுகூடத் தப்பாகலைங்க. இன்னிக்காவது அடுத்ததைக் கேப்பா.”

“பதினோரு மாசமா இதையேதான் சொல்றே. லாரிக்காரன் மேலதான் தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. உன் மேல இல்லடி.”

அம்மா ஃபோனைப் பிடுங்கி மீண்டும் ஓடவிட்டாள். கடைசிவரை கேட்டாக வேண்டும்.

“பாதியாகும். அடுத்தது, நாற்பத்தொண்ணு...” என்று மகள் ஆரம்பிக்கும்போதே, அன்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட அம்மாவின் குரலே ஃபோனுக்குள் குறுக்கிட்டது.

“படிச்சது போதும் பாப்பா, கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு. ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வாடி!”