கவருக்கு வெளியே முந்நூறு

"பொண்ணு திரும்பி வந்தா வீட்டுல சேர்த்துப்பீங்களா?"

எதிர்த்தரப்பு வக்கீல் கஜபதி கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் வக்கீல் ரகுநாதன் மூன்று வாரமாகக் காத்திருந்தார்.

பதில் தயாராக இருந்தது. கூண்டில் நிற்கும் தன் கட்சிக்காரர் உலகநாதனுக்கு அன்று காலைகூட பூந்தமல்லி கோர்ட் வாசலில் வைத்து ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். 'வந்தா ராஜாத்தி மாதிரி வச்சுக் காப்பாத்துவேன் ஐயா.' இந்த ஒரு வரி போதும். வீட்டில் சோறும் இடமும் இருக்கும்போது, வெளியே போய் உட்கார்ந்துகொண்ட மகளுக்கு அப்பன் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? கேஸ் அதோடு முடிந்தது.

உலகநாதன் தொண்டையைச் செருமினார்.

"வாசப்படிய மிதிக்க வுடமாட்டேன்."

ரகுநாதனின் பேனா நின்றது.

மகள் வரலட்சுமி எதிரே பெஞ்சில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது. அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று போன வருஷம் ஏப்ரலில் அம்பத்தூர் வீட்டை விட்டு வெளியேறியவள். விடுதியில் தங்கி பாலிடெக்னிக் படிக்கிறாள். விடுதிக்குக் கட்டப் பணமில்லை. அடுத்த மாதம் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். கல்யாணமாகாத பெண்ணைக் காப்பாற்றுவது அப்பனின் கடமை என்கிறது சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு, பெற்றவர் மேலேயே ஜீவனாம்ச வழக்கு.

வழக்கை எதிர்க்க ரகுநாதனை ஏற்பாடு செய்தது உலகநாதன் அல்ல. அவருடைய அண்ணன் சம்பத். அந்தக் கூட்டுக் குடும்பத்தில் எல்லா ஏற்பாடும் அவருடையதுதான். தம்பிகள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பக்கத்துப் பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் உலகநாதன் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் கொடுக்கிறார். ஓடிப்போனவளுக்குக் குடும்பத்துக் காசு ஒரு பைசா போகக் கூடாது என்று சம்பத் சொல்லியாகிவிட்டது.

இப்போது பின்பெஞ்சில் சம்பத் மீசையைத் தடவிக்கொண்டார். 'தம்பின்னா இவன் தம்பி' என்று முகமே சொன்னது.

கஜபதி விடவில்லை. சம்பளம் எவ்வளவு என்றார்.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது. ஓவர்டைம் தனி. தீவாளிக்கு போனஸ் கீது."

ஓவர்டைமையும் போனஸையும் யார் கேட்டார்கள்? ரகுநாதன் எழுதிக் கொடுத்திருந்த பதில் மனுவில் அவற்றைப் பற்றி மூச்சே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கோர்ட் உத்தரவு போட்டா மாசா மாசம் ஒழுங்கா கட்டுவீங்களா?"

"கைக்கு வந்தா கட்ட மாட்டேங்க ஐயா. எங்க அண்ணன் கையில குடுத்துடுவேன்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது நீதிபதிக்கு. இந்த ஆள் கையில் பணம் போகவே கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினார். மாதம் முந்நூறு ரூபாய். கம்பெனியே சம்பளத்தில் பிடித்து கோர்ட்டில் கட்ட வேண்டும். படிப்பு முடிகிறவரை.

வராந்தாவில் சம்பத் தம்பியின் தோளைத் தட்டினார். "வுடு நைனா. கவரு போடறதுக்கு முன்னாடியே புடுங்கிக்கினா நீ இன்னா பண்ணுவ? ஆனா அண்ணன வுட்டுக்குடுக்காம பேசின பாரு, அங்க நிக்கற நீ!" பிறகு ரகுநாதன் பக்கம் திரும்பினார். "நீயெல்லாம் இன்னா சார் வக்கீலு?"

உலகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலடி தள்ளி மகள் நடந்து போனாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ரகுநாதனுக்கு எரிச்சல் அடங்கவில்லை. டீக்கடையில் கஜபதியைப் பிடித்துக்கொண்டார். "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு முட்டாளைப் பார்த்ததில்ல சார். தானே குழி வெட்டி, தானே இறங்கி, மண்ணையும் தானே தள்ளிக்கிட்டான்."

கஜபதி டீயை ஆற்றினார். "தீர்ப்பு வந்தாச்சு. இனிமே சொல்றதுல தப்பில்ல. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே அவர் என்கிட்ட வந்துட்டார்."

"யாரு?"

"உலகநாதன்தான். 'கல்யாணமாகாத பொண்ணு ஊட்ட வுட்டுப் போயிட்டா, அப்பன் சம்பளத்துல கோர்ட்டு கை வைக்க முடியுமா சார்? கவரு ஒட்டறதுக்கு முன்னாடியே?' அப்படீன்னு கேட்டார். முடியும்னு சொன்னேன். ஆனா நீங்க நல்ல அப்பனா ரெண்டு வார்த்தை பேசிட்டா கேஸ் போயிடும்னேன். 'அத நான் பாத்துக்கறேன்'னார்."

ரகுநாதன் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்துபோனார்.

எதிரே பஸ் ஸ்டாப்பில் அண்ணனுக்குப் பின்னால் ஓரடி விட்டு நின்றுகொண்டிருந்தார் உலகநாதன். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. வரும் ஒன்றாம் தேதியும் கவரைப் பிரிக்காமல்தான் கொடுக்கப் போகிறார். ஊர் பார்க்க ஊர் ஏசும் அப்பனாக நின்று, தோற்க வேண்டிய இடத்தில் துல்லியமாகத் தோற்றுவிட்டு, இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். இருபது வருஷ வக்கீலுக்கே இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது.

"ஓடிப்போன பொண்ணுக்காக மனுஷன் இவ்வளவு யோசிச்சிருக்காரே சார்."

"ஓடிப்போன பொண்ணா?" கஜபதி கிளாஸைக் கீழே வைத்தார். "அவர் என்கிட்ட வந்து கேட்டது போன வருஷம் பொங்கலுக்கு. அன்னிக்கு அந்தப் பொண்ணு வீட்டுலதான் சார் இருந்தா."