வில்லன் வந்தாச்சு

படார்!

இரும்புக் கதவு அதிர்ந்த சத்தத்தில், மாடி வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

கீழே, கதவுக்கு வெளியே ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டால் கதவை இடித்துக்கொண்டிருந்தான். உள்ளே, கழுத்தில் விசில் தொங்க, இரவல் சீருடை தோளைவிட்டு நழுவ, அக்கா நின்றிருந்தாள். வகுப்பிலேயே மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா.

"வில்லன் வந்தாச்சு!" என்று யாரோ கூவ, ஜன்னலில் இடம் பிடிக்க அடிதடி.

செக்யூரிட்டி காவலர் பயிற்சிப் பள்ளியில் கடைசித் தேர்வு இப்படித்தான். போலீஸ் விசாரணை முடிந்து, டாக்டர் சான்றிதழ் வாங்கி, தீயணைப்பு, முதலுதவி எல்லாம் தேறி வந்தாலும், இந்த வாசலைக் காத்துக் காட்டினால்தான் உரிமம். தலைமை அலுவலகம் அனுப்பும் ஆள் ஒருவர் வந்து வம்பு பண்ணுவார். யார், என்ன வேஷத்தில் வருவார் என்று பயிற்சி தரும் மாஸ்டருக்கே சொல்ல மாட்டார்கள். ஒரு முறை குடிகாரனாக வந்தார். ஒரு முறை மந்திரி வீட்டு டிரைவராக.

குரல் உயரக் கூடாது. கை நீளக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல் கதவு திறக்கவே கூடாது. "வாசல்ல நின்னா மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது" என்பது மாஸ்டரின் தினசரி மந்திரம்.

அக்காவுக்கு இது இரண்டாவது முறை. போன பேட்ச்சில் நன்றாகத் தேறி வந்தவள், திடீரென்று வராமல் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது, "வீட்ல கொஞ்சம் வேலை சார்" என்றாள். மூன்றாவது முறை இடம் கிடையாது என்று மாஸ்டர் அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

"திறடி கதவை!"

"வணக்கம் சார். யாரைப் பார்க்கணும்?"

"நான் யாருன்னு தெரியாது உனக்கு?"

"தெரியாது சார். அடையாள அட்டை இருந்தா காட்டுங்க."

மாடியில் கைதட்டல். மாஸ்டர் மதிப்பெண் தாளில் ஒரு டிக் போட்டார்.

"யாரைக் கேட்டு இந்தச் சட்டையை மாட்டின? வீட்டைக் காக்கத் துப்பில்ல, ஊர் வாசலைக் காக்க வந்துட்டா!"

"என்னா வசனம்! இந்தத் தடவை அசல் நடிகனையே புடிச்சுட்டாங்கப்பா" என்றான் ஒருவன்.

கம்பிக்கு நடுவே கையை விட்டு அவள் காலரைப் பிடிக்கப் பார்த்தான் வில்லன்.

அவள் ஓரடி பின்வாங்கினாள். இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து, நெஞ்சுக்கு நேராக. பாடத்தில் இருக்கும் படம் அப்படியே எழுந்து வந்து நின்றது போல.

"சார், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க."

அவன் குனிந்து பார்த்தான். கோட்டைத் தாண்டித்தான் நின்றிருந்தான். தன்னையறியாமல் அவன் கால் பின்னால் போனது.

அதற்கும் சேர்த்துக் கத்தினான். பிறகு சட்டென்று குரலை இறக்கினான்.

"சரி, ஆனது ஆச்சு. கதவைத் திற. பேசிக்கலாம். நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

மாஸ்டர் பின்னால் திரும்பி எச்சரித்தார். "கவனிங்க. அதட்டலுக்கு அசையாதவன்கூட இந்தக் குழைவுலதான் கதவைத் திறந்துடுவான்."

அக்கா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பயிற்சி நேரத்துல பார்வையாளருக்கு அனுமதி இல்ல சார்."

ஹெல்மெட் மறுபடியும் கதவில் மோதியது. மாஸ்டருக்கே போதும் என்றாகிவிட்டது. ஜன்னலிலிருந்து கையசைத்து, "பிரமாதம் சார்! போதும், கிளம்புங்க" என்றார்.

"நீ யார்றா நடுவுல நாட்டாமை?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். உதவிக்கு நிறுத்தியிருந்த இருவர் ஓடி வந்து அவளுக்கு இருபுறமும் நின்றார்கள்.

வில்லன் மூவரையும் பார்த்தான். மாடியில் பல்லைக் காட்டும் கூட்டத்தைப் பார்த்தான். பைக்கை உதைத்தான். அதுவும் உடனே கிளம்பாமல் அவன் மானத்தை வாங்கியது.

"வருவேல்ல... அப்ப இருக்கு உனக்கு!"

போய்விட்டான்.

மாஸ்டர் 'தேர்ச்சி' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார். பேனாவுக்கு மூடி போடுவதற்குள் கைபேசி அடித்தது.

"சார், தலைமை அலுவலகத்துலேருந்து அனுப்பின ஆளு பேசறேன். இன்னிக்கு வில்லன் நான்தான். பாதி வழியில டயர் பஞ்சராயிடுச்சு. பரீட்சையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவீங்களா?"

மாடிப்படியை எப்படி இறங்கினார் என்று மாஸ்டருக்கே தெரியாது.

அக்கா வாசலைவிட்டு நகரவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"ஏம்மா, அவன் நம்ம ஆளு இல்லையாமே! அதான் அவன் மூஞ்சியை அப்படிப் பார்த்தியா? தெரியாதுன்னியே, நிஜமா யாரும்மா அவன்?"

அவள் தலை நிமிர்ந்தது. குரல் இப்போதும் உயரவில்லை.

"வாசல்ல நின்னா மாமன் மச்சான் கிடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? புருஷனும் அதுல சேர்த்திதானே?"